சாலைத் தெருவில் ஒரு பழைய கடையின் விலை

திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நீளும் சாலைக் கடைத்தெருவில் பழைய கடைக் கட்டிடம் ஒன்று விற்பனைக்கு வந்தால் முதலில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. சதுர அடி என்ன விலை, இடித்தால் எத்தனை மாடி கட்டலாம் என்பவை அவை. அண்மைக் காலத்தில் மூன்றாவதாக ஒரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. இடிக்காமல் பழைய அழகோடு மீட்டெடுத்தால் அதுவும் ஒரு முதலீடாகுமா? கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெரு 2017-இல் புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டதும், கேரளச் சுற்றுலாத் துறை சாலையைப் பாரம்பரியத் தெருவாக்கும் திட்டத்தை முன்வைத்ததும், திருவனந்தபுரம் 2017-இல் சீர்மிகு நகரப் பட்டியலில் இடம்பெற்றதும் இந்தக் கேள்விக்கு வலுச் சேர்த்தன. ஆயினும் இம்மூன்று கேள்விகளுக்கும் முன்னர் எழ வேண்டிய ஒரு கேள்வி உண்டு. அந்தக் கட்டிடத்துக்குள் இப்போது இருப்பவர் யார்? அவர் எந்த உரிமையில், எவ்வளவு வாடகையில் இருக்கிறார்?

சாலைச் சந்தை தானாக முளைத்ததன்று. தர்மராஜா எனப்படும் கார்த்திகைத் திருநாள் இராமவர்மா காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், திவான் ராஜா கேசவதாஸ் திட்டமிட்டு உருவாக்கிய கடைத்தெரு அது. பத்மநாபபுரத்திலிருந்து தலைமை இடம் மாறிய திருவனந்தபுரத்தில் கோவிலும் அரண்மனையும் இருந்தன. அவற்றைச் சூழ்ந்து ஒரு நகரம் வளர வணிகர்கள் வேண்டியிருந்தது. கேசவதாஸ் இளமையில் பூவாற்றைச் சேர்ந்த மரக்காயர் வணிகர் ஒருவரிடம் கணக்கெழுதி வளர்ந்தவர். ஆலப்புழைத் துறைமுகத்தை எழுப்பிய அதே வணிக அறிவுதான் சாலையையும் எழுப்பியது. கடை கட்டி முடித்தால் போதாது, கடைக்காரன் வந்து குடியேற வேண்டும் என்பதை அறிந்திருந்த ஆட்சி அது. அவ்வாறு வந்து சேர்ந்தவர்களில் தமிழ் வணிகர்கள் பெரும்பங்கினர். இன்றும் சபாபதி கோவில் தெருவிலும் கொத்துவால் தெருவிலும் ஆரியசாலையிலும் தமிழ் வணிக மொழியாகவே ஒலிக்கிறது.

இந்தக் கடைத்தெருவுக்கும் நெய்யாற்றின் மேற்பகுதியில் மலையடிவாரத்தில் இருக்கும் கள்ளிக்காட்டுக்கும் உள்ள உறவு பழையது. 1956 மாநிலச் சீரமைப்பில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கோரியிருந்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. எல்லைக்கோடு ஊர்களைப் பிரித்தது. சந்தைக்குச் செல்லும் வழியைப் பிரிக்கவில்லை. மரச்சீனியும் நேந்திரன் குலையும் காட்டாக்கடை வழியாக நகரத்துக்கு இறங்கின. திரும்பும் வண்டியில் கயிறும் பாயும் பித்தளைப் பாத்திரமும் நாட்டு மருந்தும் ஏறின. கள்ளிக்காட்டு வீடுகளில் ஒரு தலைமுறையினருக்குத் ‘திருவனந்தபுரம் போய் வருவது’ என்றால் ‘சாலைக்குப் போய் வருவது’ என்றே பொருள்.

இப்போது அந்த உறவு வேறு வடிவம் எடுத்திருக்கிறது. 2011-இல் கிலோவுக்கு 200 ரூபாயைத் தாண்டிச் சென்ற ரப்பர், அதன்பின் பல ஆண்டுகள் அந்த உயரத்தைக் காணவில்லை. மரம் வயதாகிறது, மறுநடவு செய்தால் பால் வெட்ட ஏழாண்டு காத்திருக்க வேண்டும், வெட்ட ஆள் கிடைப்பதில்லை. எனவே நிலத்தை விற்ற பணம், வளைகுடாவிலிருந்து வந்த பணம், ஓய்வுக்காலப் பணம் ஆகியவை நகரக் கட்டிடங்களைத் தேடி இறங்குகின்றன. முன்பு குலை ஏற்றி அனுப்பிய ஊர் இப்போது முதல் ஏற்றி அனுப்புகிறது.

கள்ளிக்காட்டைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரின் அனுபவத்தை இங்கே எடுத்துக்கொள்ளலாம். ரப்பர்த் தோட்டத்தின் ஒரு பகுதியை விற்ற தொகை அவரிடம் இருந்தது. சாலையின் உட்தெரு ஒன்றில் பழைய இரண்டுமாடிக் கடைக் கட்டிடம் விலைக்கு வருவதாகத் தரகர் சொன்னார். அதன் உரிமையாளர்கள் ஒரே குடும்பத்தின் ஏழு வாரிசுகள். அவர்களில் மூவர் வெளிநாட்டில். “கீழே இரண்டு கடை இருக்கு, சாரே. அவங்கள எழுப்பிக்கலாம். மேல மச்சு சும்மாதான் கிடக்கு. முகப்ப மட்டும் நல்லாக்கிக் காப்பிக் கடைக்குக் கொடுத்தா வாடகை அள்ளும்” என்பது தரகரின் விளக்கம்.

ஆசிரியர் நேரில் சென்று பார்த்தார். செம்புரைக் கல்லால் எழுப்பிய தடித்த சுவர், சுண்ணாம்புச் சாந்து, மங்களூர் ஓடு வேய்ந்த கூரை, அயனி மரத்து உத்தரங்கள். கடை வாசலில் இன்னும் நிரைப்பலகைதான். காலையில் ஒவ்வொன்றாகக் கழற்றி உள்ளே சாய்த்து வைக்கும் பலகைகள். பின்புறச் சுவரில் யாரோ சிமெண்ட் பூசியிருந்தார்கள். அந்த இடத்தில் மட்டும் சுவர் ஊறி உதிர்ந்துகொண்டிருந்தது. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வாங்கி வெளியே விடும் தன்மையது. சிமெண்ட் அந்த ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். நல்லெண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்பே கட்டிடத்தின் பெரும்பழுதாக இருந்தது.

கீழ்த்தளத்தில் ஒரு நாட்டு மருந்துக் கடை, ஒரு கயிறு-பாய்க் கடை. கயிற்றுக் கடைக்காரர் எழுபதைக் கடந்தவர். தந்தைக்குப் பின் அதே கல்லாவில் அமர்ந்தவர். ஆசிரியர் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு, கட்டிடம் கைமாறக்கூடும் என்பதை மறைக்காமல் சொன்னார்.

“கட்டிடம் கைமாறுனா என்ன, சாரே?” என்றார் பெரியவர். “வாடகைச் சீட்டு கைமாறுமான்னு சொல்லுங்க.”

அவர் கேட்டதன் சட்டப் பொருள் ஆழமானது. கேரளக் கட்டிடக் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1965, உரிமையாளர் தம் விருப்பப்படி வாடகைதாரரை வெளியேற்ற இடமளிப்பதில்லை; அதற்கான காரணங்களைப் பதினொன்றாம் பிரிவு வரையறுக்கிறது. உரிமையாளர் தம் உண்மையான தேவைக்காகக் கேட்டாலும், வாடகைதாரர் தம் பிழைப்புக்கு முதன்மையாக அந்தக் கடை வருவாயையே நம்பியிருந்து, அப்பகுதியில் அவருக்கு வேறு தகுந்த இடமும் கிடைக்காதென்றால், வெளியேற்ற ஆணை பிறப்பிக்கக் கூடாது. 1940 ஏப்ரல் 1 முதல் தொடர்ந்து ஒரே இடத்தில் இருக்கும் வணிக வாடகைதாரருக்குத் தனிப் பாதுகாப்பே உண்டு. கட்டிடம் மறுகட்டுமானம் செய்யப்பட வேண்டிய நிலையில் இருந்தால் வெளியேற்றலாம். ஆனால் புதிய கட்டிடத்தில் இடம் பெறும் முதல் உரிமை பழைய வாடகைதாரருக்கே.

ஆய்வாளர் கவனிக்க வேண்டிய இடம் இது. சட்டம் மறுகட்டுமானத்தை அறியும். மீட்டெடுப்பை வெளியேற்றத்துக்கான தனிக் காரணமாக அது கொள்ளவில்லை. எனவே பழைய கட்டிடத்தை வாங்குபவருக்கு நடைமுறையில் இரு வழிகள் எளிதாகத் தெரிகின்றன. ஒன்று, கட்டிடம் தாங்காது என்று நிறுவி இடிப்பது. மற்றொன்று, வாடகைதாரருக்குப் பணம் கொடுத்து ‘எழுப்புவது’. அவர்கள் முன்னோர் கொடுத்த பகடிப் பணத்தை இன்றைய மதிப்பில் திருப்பித் தருவது இந்த இரண்டாம் வழியின் மறுபெயர். எதுவும் செய்யாமல் கூரையை ஒழுக விடும் மூன்றாம் வழியும் உண்டு. அதற்குப் பணம் தேவையில்லை, பொறுமை போதும். சாலையின் பல ஓட்டுக் கூரைகள் இடிந்ததற்கு வெயிலும் மழையும் மட்டும் காரணமல்ல.

வரிச் சட்டமும் இதில் பங்கு வகிக்கிறது. வாடகை வருவாயில் 30 விழுக்காட்டைப் பராமரிப்புக்கென வருமான வரிச் சட்டம் கழித்துத் தருகிறது. உண்மையில் எவ்வளவு செலவிட்டார் என்று அது கேட்பதில்லை. அயனி உத்தரத்தைத் தேடிப் பிடித்து மாற்றியவருக்கும் 30 விழுக்காடு. ஓடு உடைந்து மழை உள்ளே விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கும் 30 விழுக்காடு. அமெரிக்காவில் வரலாற்றுச் சிறப்புச் சான்று பெற்ற வருவாய் தரும் கட்டிடத்தை விதிப்படி மீட்டெடுத்தால் செலவில் 20 விழுக்காடு கூட்டாட்சி வரியிலிருந்து கழிவாகக் கிடைக்கிறது. அங்கே பழைய நகர மையங்களில் தனியார் முதல் இறங்கியதற்கு அந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம். இங்கே பழைய கட்டிடத்தைக் காப்பாற்றுபவர் சொந்தச் செலவில், சொந்த ஆர்வத்தில் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

ஆசிரியர் கணக்கு வாத்தியார். வீட்டுக்குத் திரும்பியதும் தாளில் எழுதிப் பார்த்தார். கட்டிடத்தின் விலை 80 இலட்சம். முறையாக மீட்டெடுக்க 30 இலட்சம். ஆக 1 கோடியே 10 இலட்சம். இரு கடைகளும் சேர்ந்து தரும் இப்போதைய வாடகை மாதம் 12,000 ரூபாய். ஆண்டுக்கு 1 இலட்சத்து 44 ஆயிரம். முதலில் 1.3 விழுக்காடு. அதே தொகையை 7 விழுக்காட்டு வைப்பில் போட்டால் ஆண்டுக்கு 7 இலட்சத்து 70 ஆயிரம் கிடைக்கும். அதற்கு ஈடாகக் கட்டிடம் மாதம் 64,000 ரூபாய் ஈட்ட வேண்டும். கயிறும் பாயும் விற்று அந்த வாடகையைத் தர முடியாது. நாட்டு மருந்தும் தராது. காப்பிக் கடையோ சிறு விடுதியோ தரலாம். தரகரின் பேச்சில் இருந்த கொடுமை தரகருடையதன்று என்பது அப்போது தெளிவாயிற்று. அந்த வெளியேற்றம் கணக்கிலேயே இருந்தது. வைப்பு வட்டிக்குச் சமமான வருவாய் வேண்டும் என்று எழுதிய அந்த ஒரு வரியே பெரியவரை எழுப்பிவிடுகிறது.

இந்தக் கணக்கு முழு நகரத்திலும் நடந்தேறினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழர் நன்கறிந்த ஊர் ஒன்றே சான்று. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் 1948 சனவரி 31-க்கு முன் கட்டப்பட்ட கட்டிடங்கள் வாடகைக் கட்டுப்பாட்டின் கீழ் இருந்தன. சூலியா தெருவிலும் பாசார் தெருவிலும் தமிழ் வணிகர் பல தலைமுறைகள் நிலைத்ததற்கு அந்தக் குறைந்த வாடகை ஒரு காரணம். கட்டிடங்கள் பழுதடைந்ததற்கும் அதுவே ஒரு காரணம். அச்சட்டம் 1999 இறுதியோடு முடிவுக்கு வந்தது. வாடகை ஏறியது; பலர் வெளியேறினர்; சில கடைவீடுகள் மனிதரை இழந்து உழவாரக் குருவி வளர்க்கும் கூடுகளாயின. 2008 சூலையில் யுனெஸ்கோ அந்நகரை மலாக்காவோடு சேர்த்து உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அதன்பின் முதல் பெருகியது. முகப்புகள் பொலிவு பெற்றன. விடுதிகளும் காப்பிக் கடைகளும் நிறைந்தன. மரபு என்று யுனெஸ்கோ எதைப் போற்றியதோ, அந்தப் பல்லின வணிக வாழ்வின் ஒரு பகுதி அதற்குள் இடம்பெயர்ந்துவிட்டிருந்தது. சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவில் நகரத்தாரின் கிட்டங்கிகள் 1970-களின் மறுவளர்ச்சியில் அகன்றபோது கட்டிடமும் தொழிலும் சேர்ந்தே போயின. பினாங்கில் கட்டிடம் நின்றது, உள்ளிருந்தவர்களில் பலர் போயினர். சாலை இன்னும் இவ்விரண்டில் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.

அமெரிக்க நகரியல் சிந்தனையாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961-இல் வெளியிட்ட நூலில் இதே சிக்கலை வேறு கோணத்தில் பார்த்தார். நகரத்துக்குப் பழைய கட்டிடங்கள் தேவை என்று அவர் வாதிட்டது அழகுக்காக அன்று. கட்டுமானக் கடன் தீர்ந்துபோன, குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் கட்டிடத்தில்தான் குறைந்த இலாபத்தில் இயங்கும் தொழில்களும் புதிதாகத் தொடங்குபவையும் பிழைக்க முடியும் என்பது அவர் வாதம். இந்தப் பார்வையில், பழைய கடையின் சொத்து மதிப்பில் அதன் மலிவும் ஒரு பகுதி. மீட்டெடுப்பு அந்த மலிவை அழித்துவிட்டால், வாங்கியவர் காக்க நினைத்ததையே இழக்கிறார்.

சாலைக்கு இதைச் சொல்ல மேல்நாட்டு நூல் தேவையில்லை. இந்தக் கடைத்தெருவில் பல்லாண்டுகள் கடை நடத்தியபடியே எழுதியவர் ஆ. மாதவன். ‘கடைத்தெருக் கதைகள்’ தந்தவர். 2015-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். 2021 சனவரியில் மறைந்தவர். சுமட்டுக்காரர், தரகர், திண்ணைவாசி, சில்லறை வணிகர் என்று அவர் எழுதிய மாந்தர் அனைவரும் இந்தத் தெருவின் மலிவில் வாழ்ந்தவர்கள். கல்லாவில் அமர்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கே அந்த எழுத்து வாய்த்தது. பாரம்பரியத் திட்டங்கள் தெரு விளக்கையும் கல் பாவலையும் வளைவையும் வரைபடத்தில் குறிக்கின்றன. அந்த மாந்தரைக் குறிப்பதற்கு அவற்றில் கட்டம் இருப்பதில்லை.

எனினும், வாடகைதாரர் இருக்கட்டும் என்று சொல்லிவிடுவதால் சிக்கல் தீர்வதில்லை. 12,000 ரூபாயில் ஓட்டுக் கூரையைக் காக்க முடியாது. கூரை விழுந்தால் கட்டிடம் இடிக்கப்பட வேண்டியதாகிவிடும். அப்போது உரிமையாளர், வாடகைதாரர் இருவர் பேச்சும் எடுபடாது. குறைந்த வாடகை வாடகைதாரரைக் காக்கிறது, ஆனால் அவர் தலைக்கு மேலுள்ள கூரையைக் காப்பதில்லை. இதைக் கயிற்றுக் கடைப் பெரியவரே அறிந்திருந்தார். இரண்டாம் முறை ஆசிரியர் சென்றபோது, பேச்சை வாடகைக்கு அவரே கொண்டுவந்தார். ஒழுகாத கூரையும் நனையாத சரக்கும் கிடைக்குமானால் கூடுதலாகத் தரத் தயங்கவில்லை. தந்த பிறகு வெளியேற்றப்படுவோமோ என்பதே அவர் அச்சம்.

அதன்பின் ஆசிரியர் கணக்கை மாற்றி எழுதினார். கீழ்த்தளத்தில் இரு கடைகளும் தொடரும். இருவர் வாடகையும் சேர்ந்து படிப்படியாக 20,000-க்கு உயரும். சும்மா கிடக்கும் மச்சைச் செப்பனிட்டு, வழக்கறிஞர் அலுவலகத்துக்கோ தணிக்கையாளருக்கோ கைவினைஞர் கூடத்துக்கோ விட்டால் இன்னொரு 20,000. ஆக மாதம் 40,000; ஆண்டுக்கு 4 இலட்சத்து 80 ஆயிரம். முதலில் ஏறத்தாழ 4.4 விழுக்காடு. 20 விழுக்காட்டு வரி அடுக்கில் இருப்பவருக்கு, 30 விழுக்காட்டுக் கழிவு போக, வரிக்குப் பின் 4 இலட்சத்து 13 ஆயிரம் மிஞ்சும். வைப்பு வட்டியில் வரிக்குப் பின் மிஞ்சுவது 6 இலட்சத்து 16 ஆயிரம். வேறுபாடு ஆண்டுக்கு 2 இலட்சம் ரூபாய். கட்டிட வரியும் காப்பீடும் சேர்ந்தால் இன்னும் சற்றுக் கூடும். மறுபுறம், வைப்புத் தொகை ஆண்டுதோறும் வாங்கும் ஆற்றலை இழக்கும். நகர நடுவிலுள்ள நிலமும் படிப்படியாக உயரும் வாடகையும் அவ்வாறு இழப்பது குறைவு.

இந்த 2 இலட்சம்தான் உண்மையான முதலீட்டு வினா. தெரு தெருவாகவே தொடர்வதன் ஆண்டு விலை அது. அதை யார் ஏற்பது? ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர் தம் முதுமையிலிருந்து தர வேண்டுமா? எழுபது கடந்த கடைக்காரர் தம் கல்லாவிலிருந்து தர வேண்டுமா? அல்லது, பாரம்பரியத் தெரு என்று பெயர்ப்பலகை வைத்துச் சுற்றுலா வருவாயை எதிர்நோக்கும் அரசும் மாநகராட்சியும் கட்டிட வரிச் சலுகையாகவோ பராமரிப்பு மானியமாகவோ அதில் ஒரு பங்கை ஏற்க வேண்டுமா? முகப்புக்கு வண்ணம் பூச ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதி கூரைக்குப் போனால், இந்த வேறுபாடு கணிசமாகக் குறையும்.

ஆசிரியர் இறுதியில் வாரிசுகளிடம் ஒரு நிபந்தனை வைத்தார். கிரயப் பத்திரத்துக்கு முன், இரு கடைக்காரர்களோடும் ஒன்பதாண்டுக் குத்தகை எழுதிப் பதிவு செய்ய வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு பெற்றே ஆக வேண்டும் என்பதால் அது வெறும் வாய்ச்சொல்லாக நிற்காது. மூன்றாண்டுக்கு ஒருமுறை வாடகை உயரும் விகிதம், வேலை நடக்கும் காலத்தில் ஒரு கடை மூடியிருக்க மற்றொன்று இயங்கும் முறை, மழைக்கு முன் சனவரியிலிருந்து மார்ச்சுக்குள் கூரை வேலையை முடிக்கும் பொறுப்பு ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். தரகருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது; ஆளோடு கூடிய கட்டிடத்துக்கு விலை குறையும் என்று வாதிட்டார். அது உண்மை. விலை குறைந்தது. அந்தக் குறைவே ஆசிரியருக்குக் கட்டிடத்தை வாங்கும்படியாக்கியது. காலியாக்கித் தருவதாகச் சொன்ன கட்டிடத்துக்கு வைத்திருந்த 80 இலட்சம், குத்தகையோடு சேர்ந்தபோது அதைவிடக் கீழே இறங்கியது. அவ்வாறு மிஞ்சியதைச் சுண்ணாம்புக்கும் ஓட்டுக்கும் ஒதுக்கினார்.

ஒருவரின் ஏற்பாட்டால் ஒரு தெரு காப்பாற்றப்பட்டுவிடாது. ஆனால் இதிலிருந்து ஆய்வுக்கு ஒரு வேலை கிடைக்கிறது. சாலையைப் பற்றிய கட்டிட ஆவணங்கள் வளைவுகளையும் சுவர்களையும் அளக்கின்றன. ஒவ்வொரு கடையிலும் எந்தத் தொழில் எத்தனை ஆண்டாக நடக்கிறது, வாடகை எவ்வளவு, பகடி கொடுத்தது யார், மச்சு காலியா, உரிமையாளர் எத்தனை வாரிசுகள், சரக்கு எந்த ஊரிலிருந்து வருகிறது என்ற கணக்கெடுப்பும் அந்த வரைபடத்தோடு இணைய வேண்டும். கட்டிடக்கலை மாணவரும் பொருளியல் மாணவரும் தமிழ் மாணவரும் சேர்ந்து ஒரு கோடை விடுமுறையில் ஓர் உட்தெருவையேனும் முடிக்கக்கூடிய வேலை இது. பாரம்பரிய முதலீட்டாளர் வந்து சேருவதற்கு முன் அந்தப் பட்டியல் ஆயத்தமாக இருந்தால், பேரம் பேசும் மேசையில் கயிற்றுக் கடைப் பெரியவருக்கும் ஒரு நாற்காலி இருக்கும்.